உறையின் உள்மடிப்பு

அப்பாவின் எரியூட்டலுக்குச் சில நாட்களே இருக்கும்போது பைரோட் அண்ணன் எங்கள் சந்துக்குள் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிறந்த மூத்த பிள்ளை. நான் அதே அப்பாவுக்கு இன்னொரு வீட்டில் பிறந்தவள். ஆற்றின் தோன்புரிக் கரையில், சந்தைக்குப் பின்னால், நானும் அம்மாவும் வாடகைக்குப் புத்தகம் விடும் கடை வைத்திருக்கிறோம். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அப்பா வாழ்நாளெல்லாம் இந்தச் சந்துக்கு வந்து போனார், ஆனால் அவருடைய கார் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. பாலத்தடியில் நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார். அதனால் மகன் வேனோடு வந்து நின்றதும் அக்கம்பக்கத்து ஜன்னல்கள் அத்தனையும் திறந்தன.

இறங்கிய பெட்டிகளில் இருந்தவை அப்பாவின் புத்தகங்கள். எங்கள் ஊரில் ஓரளவு பெயரெடுத்தவர் செத்தால், எரியூட்டும் நாளில் வருகிறவர்களுக்கு அவரைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புவது மரியாதை. அப்பா பாசன இலாகாவில் பெரிய பதவியில் இருந்தவர். தனக்கான புத்தகத்தைத் தானே எழுதி, தானே படம் பொறுக்கி, அச்சகத்தில் கெட்டி அட்டையும் கட்டச் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மேலுறை மட்டும் பாக்கி இருந்தது. அதைப் பெரியம்மா அச்சடித்து முடித்து, இப்போது மகன் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"உறை போடுறதுல உன்னை மிஞ்ச ஆள் இல்லைங்கிறாங்க," என்றார் அண்ணன். செருப்பைக் கழற்றாமல் கடைக்குள் நின்றுகொண்டுதான் இந்தப் பாராட்டு.

அதில் பொய் இல்லை. வாடகைப் புத்தகம் நூறு கை மாறும். மழையில் நனையும், குழம்பு சிந்தும், குழந்தை கடிக்கும். ஒவ்வொன்றுக்கும் கனத்த பிளாஸ்டிக்கில், துணி தைப்பதுபோல் அளந்து, உறை வெட்டி மாட்டுவதுதான் என் பிழைப்பின் பாதி. கெட்டி அட்டைப் புத்தகத்துக்கு உறை போடுவது மெல்லிய புத்தகத்துக்குப் போடுவதுபோல் இல்லை. மூடி வைத்து அளவெடுத்தால் திறக்கும்போது இழுக்கும், திறந்து வைத்து அளவெடுத்தால் மூடும்போது தொளதொளக்கும். முதுகு அசைய இடம்விட்டு வெட்ட வேண்டும். அண்ணனுக்கு இதெல்லாம் தேவையில்லை. காகித உறையை அட்டையில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் போட்டு, முன்னட்டைக்குள்ளே மடிகிற பகுதியை நன்றாகப் பசை தடவி ஒட்டிவிட வேண்டும் என்றார்.

உள்மடிப்பை யாரும் ஒட்டுவதில்லை என்று சொன்னேன். உறை என்றால் கழற்ற வர வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி அட்டை வளையும் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"அம்மா ஒட்டச் சொல்லிட்டாங்க. நாளன்னைக்கு அவங்களே வந்து பார்ப்பாங்க." வெளியே போக எட்டு வைத்தவர் திரும்பினார். "வேலை சொன்னபடி இருந்தா உங்கம்மா எரியூட்டலுக்கு வரலாமாம். பின்வரிசையில உக்காரலாம். இல்லேன்னா வாசல்லயே நிறுத்திடுவோம், அப்புறம் என்மேல வருத்தப்படாதே."

அம்மா அடுப்படியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேன் போனதும் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தாள். கோயிலில் அப்பாவின் உடல் இருந்த இத்தனை நாளும், மாலையில் துறவிகள் ஓதும்போது ஒருமுறைகூட அவளை உள்ளே விடவில்லை. கோயில் மதிலுக்கு வெளியே கொழுக்கட்டை விற்கிறவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, காற்றில் வருகிற ஓதலுக்குக் கை கூப்பிவிட்டு வருவாள். இப்போது உள்ளே போகலாம், எரிமேடையான மேருவில் படியேறிச் சவப்பெட்டியின் காலடியில், சந்தன மரச் சீவலில் செய்த சந்தனப் பூ வைக்கலாம். முப்பது வருஷம் ஒருவனுக்குச் சோறு பொங்கிப் போட்டவளுக்கு அது ஒன்றும் பெரிய சலுகை இல்லை. ஆனால் அவள் உடனே பெட்டியைத் திறந்து கருப்பு ரவிக்கையை எடுத்து வெயிலில் போட்டாள்.

"புத்தகத்தைப் பிரிச்சுப் பாருடி. என்னை வச்சிருக்கேன்னு சொன்னாரே, எந்தப் பக்கத்துல இருக்கு?"

ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாக நினைவோடு இருந்த நாளில் அம்மாவிடம் சொன்னது அதுதான். நர்சுக்குக் காசு கொடுத்து, பெரியம்மா வீட்டுக்குக் குளிக்கப் போன நேரத்தில் உள்ளே நுழைந்திருந்தோம். உன்னைப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன் என்றார் அப்பா. சொத்து எழுதிவைத்த மாதிரி அம்மா அன்று முதல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னும் பிரிக்கவில்லை, முதலில் சாப்பாடு போடு என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்தேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. அட்டையைத் திறந்ததுமே, அட்டையின் உள்பக்கமும் எதிர்த் தாளும் சேர்ந்து அகலமாக ஒரே படம். அப்பாவுக்கு எழுபத்திரண்டு முடிந்த விழாவில் கோயில் மண்டபத்தின் முன் எடுத்தது. நடுவில் அப்பாவும் பெரியம்மாவும், சுற்றிலும் அண்ணன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், இலாகா ஆட்கள். இடது ஓரத்தில், கூட்டத்துக்கு ஓரடி தள்ளி, நீலப் பட்டுப் பாவாடையில் அம்மாவும், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நானும். அன்று நாங்கள் தூண் மறைவில்தான் நின்றோம். படம் எடுக்கிறவர் கையைத் தூக்கியபோது அப்பாதான் திரும்பிப் பார்த்து, வாங்க வாங்க என்று கையசைத்தார். பெரியம்மா கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்திலும் அப்படியே இருக்கிறார், தாடை மட்டும் இறுகியிருக்கிறது.

பெரியம்மாவின் உறையை எடுத்து அந்த அட்டைமேல் சுற்றினேன். வழக்கமாக உள்மடிப்பு நாலு விரல் அகலம் இருக்கும். இது ஒரு சாண். அதில் அப்பாவின் சுருக்க வரலாறு அச்சாகியிருந்தது. படித்த ஊர், பெற்ற பதக்கம், கட்டிய மதகுகள். மடிப்பை உள்ளே மடக்கினேன். அது அம்மாவின் மேலும் என் மேலும் கச்சிதமாக வந்து படுத்து, அடுத்து நின்ற மருமகளின் முழங்கை அருகே முடிந்தது. யாரோ அளவுகோல் வைத்து அளந்திருக்கிறார்கள்.

வேலை தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டதற்கு அர்த்தம் இதுதான். என் தாயின் முகத்தை மூட என் கையையே கேட்டிருக்கிறார்கள். வேறு எந்த அச்சகத்துப் பையன் ஒட்டினாலும் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. பெட்டிகளை அப்படியே கால்வாயில் தள்ளிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். கொடியில் அந்தக் கருப்பு ரவிக்கை காய்ந்துகொண்டிருந்தது. தள்ளினால் அம்மா மறுபடியும் கொழுக்கட்டைக்காரியின் முக்காலிக்குத்தான் போக வேண்டும், அதுவும் உடல் எரிகிற நாளில்.

படத்தில் இருப்பதா, பூ வைப்பதா? இரண்டில் ஒன்றை அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியாததால் நான் கேட்கவில்லை. பசை டப்பாவைத் திறந்தேன்.

சாப்பிடும்போது அம்மா மறுபடி கேட்டாள். அப்பாவின் கட்டுரைகள்தான் நிறைய இருக்கின்றன, இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் அவள் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலிருந்து வேலை. நான் வேண்டாம் என்று சொல்லியும் அம்மா பிளாஸ்டிக் வெட்ட உட்கார்ந்தாள். அவளுக்குக் கத்தி பழக்கம். இரும்பு அளவுகோலை முழங்காலால் அமுக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுப்பாள், ஓரத்தில் பிசிறு இருக்காது. நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். காகித உறையின் முதுகு மடிப்பை நகத்தால் நீவி, பிளாஸ்டிக்கை மேலும் கீழும் மடக்கி, புத்தகத்தை மூடியபடி இரண்டு பக்கமும் இழுத்துச் சரிபார்த்து, பிறகு முன்னட்டையைக் கொஞ்சமாக, உள்ளங்கை நுழைகிற அளவு மட்டும் திறந்து பசையைத் தடவி அழுத்துவேன். முழுசாகத் திறந்தால் பின்னாலிருந்து அவளுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் என் விரலுக்கு அடியில் எங்கே அவள் முகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே மட்டும் விரல் தானாகவே மெதுவாகப் போகும்.

ஒருமுறை நான் தண்ணீர் குடிக்க எழுந்து திரும்பியபோது அம்மா கையில் ஒரு புத்தகம். உறை போடாதது. கட்டைவிரல் அட்டையின் ஓரத்தில் இருந்தது.

பாய்ந்து பிடுங்கினேன். பசை ஈரம், கை படக்கூடாது என்று கத்தினேன். அதில் பசையே இல்லை என்று அவளுக்கும் தெரியும். மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் வெட்டிய பிளாஸ்டிக் ஒவ்வொன்றும் மயிரிழை பிசகாமல் இருந்தது. கோபம் வந்தால் அம்மாவுக்குக் கை இன்னும் சுத்தமாக வரும்.

ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் நான் ஒட்டவில்லை. உறை போட்டேன், மடிப்பை உள்ளே செருகினேன், பசை தடவவில்லை. எரியூட்டல் முடிந்து சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்த பிறகு அதை அம்மா கையில் கொடுப்பதாக உத்தேசம். அடுக்கின் அடியில் அதை வைத்தேன். பெரிய ராஜதந்திரம் செய்துவிட்டதாக நினைப்பு எனக்கு.

பெரியம்மா சொன்னபடி வந்தார். லம்துவான் என்று பெயர். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாத பெண்மணி. அண்ணன் குடை பிடித்து வந்தார். பெரியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார், அந்த மரியாதையை மகனுக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார் போலும். அம்மா தரையில் உட்கார்ந்து தலை தாழ்த்திக் கை கூப்பினாள். பெரியம்மா தலையை அசைத்தார். முப்பது வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது அதுதான் முதல் தடவை. நான் கொடுத்த ஐஸ் தண்ணீரை அவர் தொடவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு புத்தகமாக வாங்கினார். முன்னட்டையைத் தன் மார்புப் பக்கம் திறந்து, மடிப்பின் ஓரத்தில் சுட்டுவிரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுவார். நகம் எங்கும் நுழையவில்லை என்றால் மூடி அண்ணன் கையில் கொடுப்பார். அண்ணன் பெட்டியில் அடுக்குவார். நகம் காகிதத்தில் உரசுகிற சத்தம் மட்டும்தான். அடுக்கு குறைந்துகொண்டே வந்தது. எல்லாவற்றையுமா பார்ப்பார், பாதியில் அலுத்துவிடாதா என்று நினைத்தேன். சந்தேகப்பட்டே ஒரு வாழ்க்கையை ஓட்டியவருக்கு அலுப்பு வருமா?

அடியில் இருந்த புத்தகத்தில் நகம் நுழைந்தது. மடிப்பு தளர்ந்து எழும்பியது.

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒன்று விட்டுப்போயிற்று, இதோ ஒட்டிவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். பெரியம்மா கொடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. யாருக்காக என்பதும் புரிந்துவிட்டது. என் பசை டப்பாவையும் தூரிகையையும் காலால் தள்ளாமல், குனிந்து கையால் எடுத்து, அம்மாவின் முன்னால் வைத்தார். புத்தகத்தையும் வைத்தார்.

"புவா, இதை நீ ஒட்டு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையை உயர்த்தி என்னை அடக்கினாள். புத்தகத்தை மடியில் வைத்து, முன்னட்டையை முழுசாகத் திறந்தாள். மடிப்பை விலக்கினாள்.

அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அம்மா படத்தில் இருந்த தன் நீலப் பாவாடையை விரலால் ஒருமுறை தொட்டாள். பிறகு தூரிகையைப் பசையில் தோய்த்து, டப்பா விளிம்பில் வழித்து, மடிப்பின் பின்பக்கம் ஓரம் விடாமல் தடவினாள். மடக்கினாள். உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி அழுத்தினாள். வழிந்த பசையைப் பாவாடை ஓரத்தால் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் புத்தகத்தை நீட்டினாள்.

"ஒட்டிட்டேன், அக்கா. நகம் வச்சுப் பாருங்க."

பெரியம்மா பார்க்கவில்லை. வாங்கி அப்படியே மகனிடம் கொடுத்தார். கிளம்பும்போது, பின்வரிசையில் வலதுபக்கம், தூணுக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போடச் சொல்கிறேன் என்றார்.

அவர்கள் போனதும் நான் அழுதேன். என்னை ஏன் கேட்கவில்லை என்று அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தரையில் சிந்திய பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், அது போதும், மூடுவதும் திறப்பதும் அவர் கையில் இல்லையே என்றாள். எனக்குப் போதவில்லை. இன்றுவரை அந்தத் தூரிகையை என்னால் கையில் எடுக்க முடியவில்லை, வேறு வாங்கிவிட்டேன்.

எரியூட்டும் நாளில் கோயிலுக்குப் போனபோது மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் பேத்திகள் நின்று, வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சந்தனப் பூவும் ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். எங்களுக்குப் பூ மட்டும் கிடைத்தது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அம்மா பூவை மடியில் வைத்து, ரவிக்கையின் சுருக்கங்களை நீவிக்கொண்டே இருந்தாள். நெருப்பு வைக்க வேண்டிய பெரிய மனிதர், அப்பாவுக்கு மேலதிகாரியாக இருந்தவர், பாலத்தில் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டாராம். துறவிகள் ஓதி முடித்துவிட்டார்கள். விசிறிகள் சூட்டைச் சுற்றிச் சுற்றித் தள்ளின. கையில் புத்தகம், செய்வதற்கு வேலை இல்லை, நூற்றுக்கணக்கான ஆட்கள்.

எங்களுக்கு முன்வரிசையில் சனோங் என்ற கிழவர், அப்பாவிடம் மதகுக் காவலராக இருந்தவர், புத்தகத்தைத் திறந்து மடிப்பைப் படித்தார். படித்து முடித்து மடிப்பைத் தூக்கிப் பார்க்க விரல் வைத்தார். வரவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னட்டை மடிப்பு தளர்வாக இருந்தது. முன்மடிப்பு மட்டும் ஒட்டியிருந்தது. பக்கத்திலிருந்தவரின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார், அதிலும் ஒட்டியிருந்தது. அவர் கண்கள் சின்னதாயின.

மறுநாள் லாட்டரி குலுக்கல். எங்கள் ஊரில் சாவுக்கு வருகிறவர் கண்ணீரோடு ஒரு எண்ணையும் தேடிக்கொண்டுதான் வருவார். செத்தவரின் வயசு, உடல் இருந்த அறை எண், கடைசியாகப் போன காரின் எண், எதையும் விடுவதில்லை. அப்படிப்பட்ட கூட்டத்தின் கையில், செத்தவரே தயாரித்த புத்தகத்தைக் கொடுத்து, அதில் ஒரே ஒரு இடத்தை மட்டும் எல்லாப் புத்தகத்திலும் ஒட்டி வைத்தால்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் சாப்பிட வந்தவன் கை முதலில் அங்கேதான் போகும்.

"பெரியவர் உள்ளே நம்பர் வச்சிருக்காரு," என்று சனோங் கிசுகிசுத்தார்.

அது வரிசை வரிசையாகப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். தலைகள் சாய்ந்தன, நிமிர்ந்தன, அடுத்த காதுக்குச் சாய்ந்தன. பிறகு சத்தம் தொடங்கியது. நகங்கள், சாவிகள், ஒரு அம்மாளின் கொண்டை ஊசி. மழைக்காலத்துப் பசை, மேலே பிளாஸ்டிக் வேறு மூடியிருந்ததால் பாதி காயவே இல்லை. சில மடிப்புகள் முழுசாக வந்தன, சில கிழிந்தன. சர், சர் என்று மண்டபம் முழுக்கக் காகிதம் பிரிகிற ஓசை. முன்வரிசை சோபாவில் பெரியம்மாவின் முதுகு விறைத்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன பிரிகிறது என்று அவருக்குத் தெரியும்.

இப்போது எழுந்து போய்விடலாம் என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

எண்ணைத் தேடியவர்களுக்கு எண் கிடைக்கவில்லை. ஒரு நீலப் பட்டுப் பாவாடை கிடைத்தது. சனோங் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். நிமிர்ந்தார். மெதுவாகத் திரும்பி, தூணைச் சுற்றி எட்டி, அம்மாவைப் பார்த்தார். அவர் பக்கத்திலிருந்தவர் திரும்பினார். அதற்கு முன்வரிசை திரும்பியது. யாரும் எங்களைப் பார்க்கக்கூடாது என்று போட்ட நாற்காலியை நோக்கி மண்டபத்தின் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அந்தப் படத்தை மூடி ஒட்டாமல் விட்டிருந்தால், நூறு முகத்தில் ஓரத்து முகத்தை யார் கண்டுகொண்டிருக்கப் போகிறார்கள்? அம்மாவை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவளோ முதுகை நிமிர்த்தி, பூவை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, பார்க்கிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பெரியம்மா எழுந்தார். வாசலில் பெரிய மனிதரின் கார் வந்து நின்ற அதே நேரம். அண்ணன் அந்தப் பக்கம் ஓட, பெரியம்மா எங்கள் பக்கம் நடந்தார். முகத்தில் நல்ல சிரிப்பு. பூனை வெளியே வந்துவிட்ட பிறகு கோணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது கேவலம் என்று அவருக்குத் தெரியும். இத்தனை கண்களுக்கு முன்னால் இனிமேல் அவர் முகம் பிழைக்க ஒரே வழிதான் இருந்தது.

"தங்கச்சி, நீ ஏன் இங்க வந்து உக்காந்துட்டே?" மண்டபத்துக்கே கேட்கிற குரல். "முன்னாடி உன்னைத் தேடிக்கிட்டு இருக்கேன். வா, அவரைப் போய்ப் பார்ப்போம்."

அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி எவ்வளவு இறுக்கம் என்பது அம்மாவின் விரல்கள் வெளுத்ததில் தெரிந்தது. இருவரும் நடுவழியே நடந்தார்கள், நான் பின்னால். மேருவின் படியில் கால் வைக்கும்போது பெரியம்மா, உதட்டில் இருந்த சிரிப்பு கலையாமல், அம்மாவின் காதோரம் குனிந்து கேட்டார்.

"உன் பொண்ணு வேணும்னே பசையைக் குறைச்சாளா?"

"இல்லக்கா. நீங்கதான் நகம் வச்சுப் பார்த்தீங்களே. நல்லா ஒட்டினதாலதான் பிரிச்சாங்க."

மேலே போய் முதலில் பெரியம்மா பூ வைத்தார். பிறகு கையை விட்டார். அம்மா முழங்காலிட்டு, பெட்டியின் காலடியில் தன் பூவை வைத்து, நெற்றி தரையில் பட வணங்கினாள். எழுந்திருக்க நேரமாயிற்று. அவசரப்படுத்த யாரும் துணியவில்லை. பெரிய மனிதர்கூடத் தீப்பந்தத்துக்கு அருகே காத்துக்கொண்டு நின்றார்.

படியிறங்கி வரும்போது கீழே ஒரு சின்னக் கூட்டம். சனோங்தான் முன்னால் நின்றார். மடிப்புக்குப் பின்னால் எண் இல்லை, ஒரு ஆள்தான் இருக்கிறாள் என்றால், எண் அந்த ஆளிடம்தானே இருக்க வேண்டும்? அவர் கை கூப்பி, ரொம்ப மரியாதையாக, அம்மாவின் வயசு என்ன என்று கேட்டார். பின்னால் நின்றவர்கள் பேனாவோடு தயாராக இருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மாவின் பக்கத்தில் பெரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அறுபத்தேழு," என்றாள் அம்மா. எல்லோரும் குனிந்து எழுதினார்கள். அவள் அவர்கள் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"படத்துக்குக் கீழே பேரு போடலை. எம்பேரு புவா. அதையும் எழுதிக்கோங்க."

சனோங் ஒரு கணம் பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திறந்து, கிழிந்த மடிப்பை விலக்கி, நீலப் பாவாடைக்குக் கீழே எழுதினார்.